பூனைகள் தேடி வந்த இஞ்சின்

தங்கப்பாண்டியின் கார் கிளம்பினால், நிலநடுக்கம் வந்துவிட்டதென்று மண்டபம் ஊரில் பாதிப்பேர் வீட்டைவிட்டு வெளியே ஓடிவருவார்கள். அப்படி ஒரு ஆட்டம். உள்ளே உட்கார்ந்து டீ குடித்தால், டீயில் வெண்ணெய் திரண்டுவிடும். ராமேசுவரம் சவாரி போன ஒருவருக்குப் பாம்பன் பாலம் தாண்டுவதற்குள் சட்டைப் பொத்தான் எல்லாம் தானாகவே கழன்றுவிட்டன.

வாடகைக் கார் இப்படி ஆடினால் யார் ஏறுவார்கள்? தங்கப்பாண்டி அதை ஹமீதா பானுவின் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். ஹமீதா பட்டறை ஆரம்பித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. விடுமுறை நாட்களில் அங்கே டார்ச் பிடிப்பது தங்கப்பாண்டியின் மகள் மாரிச்செல்வி. ஐந்தாம் வகுப்பு. இஞ்சினுக்குள் எட்டிப் பார்க்க விட்டால் அவளுக்குப் பஞ்சுமிட்டாய்கூட வேண்டாம்.

ஹமீதா இஞ்சினைத் திறந்து காட்டினார். அதன் தலையில் ஆழமான குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு ஸ்பார்க் பிளக். அதுதான் பொறி தட்டி பெட்ரோலை எரிக்கும். குழிக்குள் ஆயில் கசியாமல் இருக்க ரப்பர் வளையங்கள் உண்டு. அவை காய்ந்த அப்பளம் போல விண்டுபோயிருந்தன. குழி நிறைய ஆயில். பிறகு பொறி எப்படி ஒழுங்காக விழும்?

ஹமீதா வளையங்களை மாற்றி, குழிகளைத் துடைத்துக் கொடுத்தார். கார் பூப்போலப் போனது. அடுத்த வாரமே மறுபடியும் ஆட்டம். திறந்தால், குழி நிறைய ஆயில். மறுபடியும் புது வளையம். மறுபடியும் ஆயில்.

இந்த நேரம் பார்த்து மாரிச்செல்வியின் தாய்மாமா ராக்கப்பன் பட்டறைக்கு வந்தார். அவர் விசைப்படகு ஓட்டுகிறவர். தங்கப்பாண்டியின் சந்துக்குள் கார் நுழையாது என்பதால், அது தினமும் நிற்பது கடலோரத்தில் இருக்கும் ராக்கப்பன் வீட்டு வாசலில்தான். அந்த உரிமையில் தீர்ப்புச் சொன்னார். படகு இஞ்சினெல்லாம் தான் முறைத்தாலே கிளம்பிவிடும் என்றும், நேற்றுத் திறந்த பட்டறையில் காரைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்றும் விளாசினார்.

தங்கப்பாண்டிக்கும் பொறுமை போய்விட்டது.

"இந்தத் தடவையும் ஆடுச்சுன்னா வண்டியை ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோயிருவேன்" என்றார். "ஏன் போனேன்னு கேக்குறவுகட்ட மறைக்கவும் மாட்டேன்."

இந்தப் பேச்சு ஊரில் பரவினால் பட்டறைக்கு ஒரு சைக்கிள்கூட வராது. மூன்றாம் முறையாக வளையங்களை மாற்றும்போது ஹமீதா ஒவ்வொன்றையும் இரண்டு தரம் கழற்றிப் பார்த்ததை, டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மாரிச்செல்வி பார்த்தாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலையில் அவள் மாமா வீட்டுக்குப் போனாள். வாசலில் கார் நின்றது. காரா அது? பூனைகளின் மாநாடு. மண்டபத்துப் பூனை, பக்கத்து ஊரான வேதாளையின் பூனை, இலங்கையிலிருந்து நீந்தி வந்தது போல இளைத்த ஒரு பூனை என்று பானட்டின் மேல் கால் வைக்க இடமில்லை.

சூட்டுக்குத்தான் பூனைகள் ஏறுகின்றன என்று மாமா சொல்லியிருந்தார். மாரிச்செல்வி பானட்டைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. குனிந்து பார்த்தாள். ஒரு சாம்பல் பூனை அடியில் படுத்து, இஞ்சினிலிருந்து சொட்டுவதை ரசித்து நக்கிக்கொண்டிருந்தது.

இஞ்சின் ஆயிலை எந்தப் பூனை நக்கும்?

மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். மீன் வாசம். மண்டபத்தில் காற்று, பள்ளிக்கூடம், பாடப்புத்தகம் எல்லாமே மீன் வாசம்தான். அதனால்தான் காரிலும் வந்தது யாருக்கும் உறைக்கவில்லை.

"மாமா, காருக்கு ஏதும் பூசுறீகளா?"

ராக்கப்பன் பெருமையாக மீசையைத் தடவினார்.

"உப்புக்காத்து இரும்பைத் தின்னுரும் தாயி. படகுக்குப் பூசுற மீன் எண்ணெயைப் பழைய ஆயில்ல கலந்து தினமும் இஞ்சினுக்குப் பூசிவிடுறேன். குழியில தண்ணி தேங்கிரக் கூடாதுல்ல, அங்கன மட்டும் நிறைய ஊத்திருவேன்."

மாரிச்செல்விக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. ஆனால் மாமா பாசத்தோடு செய்த வேலையாயிற்றே. விழுங்கிக்கொண்டாள்.

"அந்தக் குழிக்குள்ளதான் மாமா ஸ்பார்க் பிளக் இருக்கு."

"பிளக்கா? படகு டீசல் இஞ்சின்ல அப்படி ஒண்ணும் கிடையாதே" என்றார் ராக்கப்பன். சொல்லச் சொல்லவே அவர் மீசை இரண்டு பக்கமும் தொங்கியது. மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் ஊரில் தலைகாட்ட முடியாது, சொல்லிவிடாதே என்று கெஞ்சினார்.

"நான் சொல்ல மாட்டேன் மாமா. நீங்களே சொன்னாத்தான் ஹமீதாக்கா பட்டறை பிழைக்கும். நான் கூட வாரேன்."

அதற்குள் தங்கப்பாண்டி வந்து, பூனைகளை விரட்டிவிட்டுக் காரைக் கிளப்பினார். அது ஆடிய ஆட்டத்தில் பக்கத்து முருங்கைமரமே காய்களை உதிர்த்தது. அவர் முகம் சிவந்தது. மாமாவும் மருமகளும் ஓடிப்போய்ப் பின்னால் ஏறிக்கொண்டார்கள். கார் ராமநாதபுரம் சாலைக்குத் திரும்பியது.

மாரிச்செல்வி மாமாவைப் பார்த்தாள். மாமா கடலைப் பார்த்தார். பட்டறையும் கடந்துபோனது.

"வண்டியைத் திருப்புங்க மாப்ள" என்றார் ராக்கப்பன் கடைசியில்.

பட்டறையில் இறங்கியதும், புயல் எச்சரிக்கை சொல்பவர் போலத் தொண்டையைச் செருமினார்.

"கோளாறு எதுன்னு கண்டுபிடிச்சாச்சு" என்றார். "நான்தான்."

முழுக்கதையையும் கேட்டுவிட்டு ஹமீதா டயர் மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு இஞ்சினைத் திறந்து பார்த்தார். அவர் போட்ட வளையங்கள் கச்சிதமாக இருந்தன. குழிகளைச் சுத்தமாகத் துடைத்து, ஊறிப்போன பிளக் தொப்பிகளை மாற்றினார்.

கார் கிளம்பியது. ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாமல் தங்கப்பாண்டி மறுபடியும் சாவியைத் திருகினார். ராமநாதபுரம் பேச்சை எடுத்தது தன் தப்புத்தான் என்று ஹமீதாவிடம் சொன்னார்.

எல்லோரும் கிளம்பத் தயாரான பிறகும் ராக்கப்பன் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"இன்னும் என்ன மாமா?" என்றாள் மாரிச்செல்வி.

"மிச்ச எண்ணெயை வீணாக்குவானேன்னு, எங்க தெருவுல நிக்கிற பைக்குக்கெல்லாம்..."

அன்று மாலை பட்டறை வாசலிலிருந்து ரயில் நிலையம் வரை பைக்குகள் வரிசை கட்டி நின்றன. வரிசையின் முதல் பைக்குக்குப் பக்கத்தில் ராக்கப்பன் குத்தவைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள் மாரிச்செல்வி.