செம்பருத்திக்கு ஓர் எஞ்சின்

காப்பி ஆறுவதற்குள் சென்னியப்பருக்கு இதயம் மாற்றியாயிற்று.

கோவை மாற்றுறுப்பு நிலையத்தில் அஃது அன்றாட வேலை. சட்டைப் பொத்தான்களைக் கழற்றிச் சாய்வு நாற்காலியில் அமர்ந்தால் போதும். மார்பின் இடப்புறத்து மூடியைத் திறந்து, தேய்ந்ததை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்திவிடுவார்கள். நூற்று நான்கு வயதான சென்னியப்பருக்கு இது மூன்றாம் இதயம். கல்லீரலும் நுரையீரலும் இரண்டு தோள்களும் முழங்கால்களும் இன்னும் பலவும் முன்னரே மாறியிருந்தன.

"எந்த மாதிரி வைக்கட்டுங்க ஐயா? மனசுக்குத் தக்கன ஏறி எறங்கி அடிக்கறது ஒண்ணு இருக்குது. சத்தமே இல்லாம, நிமிசத்துக்கு எழுபத்திரண்டுன்னு ஒரே சீரா ஓடறது ஒண்ணு இருக்குது" என்று கேட்டாள் பணிப்பெண்.

"ஏதோ ஒண்ணப் போடு கண்ணு. காப்பி ஆறுது பாரு."

அவள் கைக்கு எட்டியதைப் போட்டாள். அவர் ஒப்பமிட்டார், காப்பியைக் குடித்தார், சிங்காநல்லூருக்கு விரைந்தார். அங்கே வண்டிப் பழுது பார்க்கும் ஆரோக்கியத்தின் பட்டறையில் அவருக்கு ஒரு பெரிய வேலை காத்திருந்தது. அவருடைய காருக்கு எஞ்சின் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்தக் காருக்குச் செம்பருத்தி என்று பெயர். எண்பது ஆண்டுகளுக்கு முன், தம் இருபத்து நான்காம் வயதில், பழைய இரும்புக் கடையிலிருந்து இரண்டு கதவுக் கார் ஒன்றை மீட்டு வந்தார் சென்னியப்பர். அதன் கூரையை நான்கு விரற்கடை தாழ்த்தினார். பின்னால் அகலச் சக்கரங்களை மாட்டினார். சிற்றெஞ்சினைத் தூக்கியெறிந்துவிட்டு, ஒரு பெரிய காரின் ஆறு உருளை எஞ்சினை அதன் வயிற்றில் திணித்தார். செக்கச் செவேலென்று வண்ணமடித்தார். அக்காலத்தில் அவிநாசிச் சாலையில் அது வந்தால், மூன்று தெரு தள்ளியிருக்கும் நாய்களும் எழுந்து நிற்கும்.

இப்போது அந்தச் சாலையில் ஓசையே இல்லை. தன்னோடிகள் எனப்பட்ட ஊர்திகள், ஏறியவர் உறங்கினாலும் உண்டாலும், தாமே வழியறிந்து நிழல்போல் நழுவிச் சென்றன. பெட்ரோல் வண்டிகளுக்கென ஒதுக்கப்பட்ட சாலை நாட்டில் ஒன்றே ஒன்றுதான்: மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் மலைப்பாதை. மரபூர்திச் சாலை என்று அதற்குப் பெயர். அச்சாலையைப் போராடிப் பெற்றவரும், அதற்கான விதிகளை எழுதியவரும் மரபூர்திச் சங்கத்தின் செயலாளரான சென்னியப்பரே. அவ்விதிகளுள் அவர் பெருமையோடு எழுதியது நான்காம் விதி: 'பாதிக்கு மேல் இயந்திரமாய் இருக்கும் எதுவும் இச்சாலையில் வண்டி ஓட்டலாகாது, சரக்காக மட்டுமே செல்லலாம்.' மனித உருவில் உலவும் எந்திரர்கள் ஸ்டீயரிங்கைத் தொட்டுவிடக் கூடாதே என்னும் கவலை அவருக்கு.

சென்ற மாதம் செம்பருத்தியின் எஞ்சினில் நெடுக ஒரு விரிசல் விழுந்தது. ஒட்டவும் வழியில்லை. வேறு நேரமாக இருந்தால் அவர் ஆண்டுக்கணக்கில் தேடியிருப்பார். ஆனால், நேரம்தான் இல்லை. அவர் மனைவி தெய்வானைக்கு இன்னும் ஒரு மாதத்தில் பயணம்.

தெய்வானையின் எலும்புகள் அப்பளமாகிவிட்டிருந்தன. அவருடைய உடல் எந்த மாற்றுறுப்பையும் ஏற்க மறுத்தது. வைத்த ஒவ்வொன்றையும் வெளியே தள்ளியது. உடலின் எடை ஆறிலொன்றாகும் நிலவூரில் குடியேறினால் இன்னும் பல்லாண்டு இருக்கலாம் என்றார்கள் மருத்துவர்கள். போனால் திரும்ப முடியாது. சென்னியப்பர் உடன் செல்லவும் முடியாது. அவருடைய உறுப்புகளுக்கு நிலவில் உத்தரவாதம் செல்லாது என்று விற்ற நிறுவனங்கள் எழுதிக் கொடுத்துவிட்டன.

"எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க" என்றிருந்தார் தெய்வானை. "கலியாணமான புதுசுல கோத்தகிரிக்குக் கூட்டிட்டுப் போனீங்கல்ல, அந்த உறுமலை இன்னொருக்கா அடிவயித்துல வாங்கிக்கிட்டுப் போயிர்றேன். அங்க வெளியில சத்தமே கேக்காதாமா."

அந்தச் சொல்தான் சென்னியப்பரைப் பட்டறையில் கட்டிப்போட்டது.

அங்கே மூன்று எஞ்சின்கள் தாங்கிகளின்மேல் வீற்றிருந்தன. முதலாவது, அந்தக் கார் பிறந்தபோது அதற்கிருந்த வகையிலேயே ஒரு நாலு உருளைச் சிற்றெஞ்சின். பழுதில்லை, உடனே மாட்டிவிடலாம். முடுக்கிவிட்டால் தையல் இயந்திரம்போல் ஓடும். இரண்டாவது, கடல் கடந்து வந்த எட்டு உருளைப் பேரெஞ்சின். மூன்றாவது, பொள்ளாச்சித் தென்னந்தோப்பு ஒன்றில் சாக்குகளுக்கடியில் கிடைத்த ஆறு உருளை எஞ்சின். செம்பருத்தியின் பழைய எஞ்சினுக்கு உடன்பிறப்பு. ஆனால், உள்ளெல்லாம் தேய்ந்தும் துருவேறியும் கிடந்தது.

ஓடும் நிலையிலிருந்த இரண்டையும் நாளுக்கு ஒன்றாக முடுக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார் சென்னியப்பர். எட்டு உருளை அவரை மயக்கியது. இருபத்து நான்கு வயதில் அவர் கனவு கண்டதும் அதுதான், அன்று கிட்டாதது. "இடி மாதிரி இருக்குதப்பா" என்பார். மறுநாள் வந்து, "இடிதான். ஆனா அவ இடியக் கேக்கலையே" என்பார். மீண்டும் தையல் இயந்திரத்தின் அருகில் நிற்பார். மீண்டும் துருவேறிய ஆறின் அருகில் போய், அதன் தலையைத் தட்டிப் பார்ப்பார்.

பத்தொன்பதாம் நாள் ஆரோக்கியம் பொறுமையிழந்தார்.

"ஏனுங்கண்ணா, பொண்ணு பாக்க இத்தன நாள் எடுத்துக்கிட்டீங்களா?"

"அது ஒரே நாளப்பா. பஜ்ஜி தின்னு முடிக்கறதுக்குள்ள சரின்னுட்டேன்."

"அப்பறம்?"

"அது பொண்ணு. இது எஞ்சின்."

"அக்காகிட்ட இதச் சொல்லட்டுங்களா?"

சென்னியப்பர் அவசரமாக ஆறு உருளையின் பக்கம் திரும்பினார். ஆரோக்கியம் ஒரு வாரமாகப் பிரித்துத் துருவகற்றி, வளையங்களை மாற்றி, அன்று காலைதான் அதைப் பூட்டியிருந்தார். முடுக்கியதும் அது இருமியது, புகை கக்கியது, தடுமாறியது. பிறகு, தொண்டையைச் சரிசெய்துகொண்ட முதியவரைப் போல உறுமத் தொடங்கியது. சென்னியப்பரின் கையில் எஞ்சியிருந்த அசல் மயிர்கள் சிலிர்த்து நின்றன. மலைப்பாதையும் மூடுபனியும், சூடேறிய வண்டியின் பக்கத்தில் நீர்ப்புட்டியோடு நின்ற இருபத்தோரு வயதுத் தெய்வானையும் அவர் கண்முன் வந்து போயினர்.

"இதுதான்" என்றார். "மாட்டு."

பயணத்திற்கு இரண்டு நாள் முன்னதாக, விடியலில், செம்பருத்தி மேட்டுப்பாளையம் சோதனைச்சாவடியில் போய் நின்றது. அங்கே புதிதாகப் பணிக்கு வந்திருந்த அளவன் என்னும் எந்திர அலுவலர் வணக்கம் கூறி, நீல ஒளியால் வண்டியைத் தடவினார்.

"எண்பத்தொன்பது விழுக்காடு அசல். மிக அரிய வண்டி. மகிழ்ச்சி" என்ற அளவன், அதே ஒளியைச் சென்னியப்பர்மேல் திருப்பினார்.

"ஓட்டுநர் நாற்பத்து மூன்று விழுக்காடு அசல். பொறுத்தருள வேண்டும். நான்காம் விதிப்படி தாங்கள் ஓட்டலாகாது."

"அந்த விதிய எழுதுனவனே நான்தானப்பா!"

"அறிவேன். தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். நானும் இச்சாலையில் ஒரு நாளாவது ஓட்ட விழைந்தவன்தான். நம் இருவருக்கும் வழியில்லை."

சென்னியப்பர் வாதிட்டார், தம் பெயர் பொறித்த விதிப் பலகையைச் சுட்டினார், இறுதியில் ஸ்டீயரிங்கின்மேல் தலையைச் சாய்த்தார். இருபத்தாறு நாள் உழைப்பும், எண்பதாண்டு நினைவும், மனைவி கேட்ட ஒரே பொருளும் ஒரு குறுக்குக் கம்பத்தின்முன் நின்றுபோயின.

அளவனின் ஒளி மெல்ல நகர்ந்து பக்கத்து இருக்கையைத் தொட்டது. "அம்மையார் தொண்ணூற்றேழு விழுக்காடு. கண்வில்லைகளும் ஒரு பல்லும் மட்டுமே அயல். தடையேதும் இல்லை."

தெய்வானை சிரித்தார். "எறங்கி இந்தப் பக்கம் வாங்க."

"உனக்கு இது வராது புள்ள. நீ ஓட்டுனதெல்லாம் சாது வண்டி. இதுக்குன்னு ஒரு கை வேணும்."

"எண்பது வருசமா இதையேதான் சொல்லிட்டிருக்கறீங்க. கை எனக்குத்தான் இருக்குதுன்னு அவரே சொல்லிட்டாரே!"

சென்னியப்பர், 'இயந்திரச் சரக்கு, ஓர் உருப்படி, எழுபது கிலோ' என்றிருந்த படிவத்தில் ஒப்பமிட்டுவிட்டு இடம் மாறினார். சரக்கு நகராதவாறு அளவன் இரண்டு வார்களால் அவரை இருக்கையோடு சேர்த்துக் கட்டினார்.

சென்னியப்பரின் முழங்காலுக்காக ஆரோக்கியம் இளக்கிவைத்திருந்த கிளட்ச், தெய்வானையின் காலுக்குப் பூப்போல் இறங்கியது. முதல் வளைவிலேயே சென்னியப்பரின் வலக்கால், அந்தப் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்தது. "கியரக் கொற. கிளட்ச், கிளட்ச்!" என்று பதறினார்.

"சரக்கு பேசாதுங்க" என்றார் தெய்வானை.

ஒவ்வொரு வளைவிலும் உறுமல் எழுந்து, பாறையில் மோதி, திரும்பி வந்து இருவர் அடிவயிற்றிலும் இறங்கியது. நூற்றோரு வயது மூதாட்டி உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு தவறும் இன்றிச் செம்பருத்தியை மலைமேல் ஏற்றினார். இந்தக் கையில் இந்த வண்டியை ஒரு நாளும் கொடுக்காமற் போனோமே என்று சென்னியப்பருக்கு உறைத்தது.

ஒன்பதாம் வளைவின் ஓரத்தில் தெய்வானை வண்டியை நிறுத்தினார், எஞ்சினை நிறுத்தவில்லை. அன்று சூடு தணியக் காத்து நின்ற இடம் அது. இறங்கி, செம்பருத்தியின் முன்மூடிமேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெல்ல நடந்து வந்து, வாரால் கட்டுண்டிருந்த கணவரின் மார்பின்மேல் அதே கையை வைத்தார்.

"அன்னைக்கு இங்க ஒரு கை, அங்க ஒரு கைன்னு வெச்சுப் பாத்தேன். ஞாபகம் இருக்குதுங்களா? எது எஞ்சின், எது நீங்கன்னே தெரியல. ரெண்டும் அந்த அடி அடிச்சுது."

இருந்தது. சென்னியப்பர் தலையசைத்தார்.

தெய்வானை கையை இன்னும் சற்று அழுத்தினார். காதையும் வைத்துப் பார்த்தார். பின்னால் ஆறு உருளைகளும் மலையே அதிர உறுமிக்கொண்டிருந்தன. உள்ளே, ஓசையின்றி, எழுபத்திரண்டு.

"ஏனுங்க, இங்க ஒண்ணையுமே காணமே?"

சென்னியப்பரின் கண்கள் இன்னும் அசல்தான். அவை நிறைந்தன.

"இத மாத்துன அன்னைக்குக் காப்பி ஆறிரும்னு அவசரப்பட்டுட்டேன் புள்ள" என்றார்.