சத்தம் போடுங்க, பிள்ளைங்களா!

சில்வண்டுகள் சட்டென்று நின்றபோது அவளுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

காலையிலிருந்து காதைக் குடைந்துகொண்டிருந்த இரைச்சல் அது. மழைக்காட்டுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதலில் அதைத்தான் குறை சொல்வார்கள். இப்போது, அவரவர் மரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் நேரத்தில், அதுவாகவே அடங்கிவிட்டது. கேட்டு வாங்கினாலும் இப்படி வாய்க்காது.

பிள்ளைகள் அவளைக் காட்டு டீச்சர் என்று கூப்பிட்டார்கள். காட்டைப் பாதுகாக்கும் அமைப்பு ஒன்றில் வேலை. வேன் வேனாக வந்து இறங்கும் பிள்ளைகளுக்குக் காட்டைப் பழக்கிவிட வேண்டும். பாசியைத் தடவிப் பார்ப்பது, இலையைக் கசக்கி மோந்து பார்ப்பது, கடைசியில் இந்த மௌன விளையாட்டு. "நீங்க சத்தம் போட்டா காடு ஒளிஞ்சுக்கும். சும்மா இருந்தா அதுவா உங்ககிட்ட வரும்." எத்தனையோ கூட்டத்திடம் சொன்ன வசனம். ஒரு தடவைகூட யோசித்துச் சொன்னதில்லை.

இன்றைய கூட்டத்தில் ஓர் ஆள் மட்டும் சொந்தம். அக்கா மகள். வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர், தூக்கத்தில்கூட ஓடும். "எம்.எஸ்சி. படிச்சிட்டு அட்டைப்பூச்சிக்கு ரத்தம் ஊட்டிக்கிட்டிருக்கா" என்று போவோர் வருவோரிடம் எல்லாம் சொல்லும் அக்கா, காலையில் மகளை வேனில் ஏற்றும்போது சவாலே விட்டிருந்தாள். "இவ வாயைக் கொஞ்ச நேரம் மூட வச்சுக் காட்டு. நீ பாக்குறதும் ஒரு வேலைதான்னு அப்போ ஒத்துக்கிறேன்."

அதற்காகவே ரேடியோவை மற்றவர்களிடமிருந்து பிரித்து, ஓடைப்பக்கம் தனியாக உட்கார வைத்திருந்தாள்.

சில்வண்டுக்குப் பின் தவளைகள் நின்றன. மேலே கிளைகளில் தாவிக்கொண்டிருந்த குரங்குகள் எப்போது போயின என்று தெரியவில்லை. ஈர மண்ணின் வாசனையும் அழுகிய பழத்தின் புளிப்பும் மட்டும் கனமாக நின்ற அந்தப் பச்சை இருட்டில், கையகல இலை ஒன்று சுழன்று சுழன்று இறங்கி அவள் செருப்பின் பக்கத்தில் இருந்த காய்ந்த சருகில் விழுந்தது. விழுந்த சத்தம் வரவில்லை.

அவள் அவசரமாகக் கை தட்டினாள். எல்லோரையும் வரச் சொல்லும் தட்டு. பிள்ளைகள் கொட்டாவி விட்டபடி வந்தார்கள்.

"டீச்சர், எனக்குக் காடு வரல, தூக்கம்தான் வந்துச்சு" என்றான் கழுத்து நீண்ட பையன் ஒருவன், சளி பிடித்த குரலில். வகுப்பில் அவன் பெயர் ஒட்டகம். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவளுக்கும் கொஞ்சம் உயிர் வந்தது.

ரேடியோ மட்டும் வரவில்லை.

அவள் ஓடைப்பக்கம் ஓடினாள். தண்ணீர் வழக்கம்போல் பாறையில் மோதி வெள்ளையாக உடைந்து தெறித்துக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல். காது அடைத்துவிட்டதோ என்று அவள் விரலை விட்டுக் குடைந்தாள். மறுபடி கை தட்டினாள். யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல ஓடையின் இரைச்சல் முகத்தில் வந்து மோதியது. மரத்தடியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்த சிறுமி கண்ணைத் திறந்தாள்.

"ஏன் சித்தி தட்டின? கிட்ட வந்துடுச்சு."

"எதுடி?"

"தெரியல. நீதான கண்ணைத் திறக்காதேன்ன. நான் சும்மா இருக்க இருக்க வந்துச்சு. இங்க வரைக்கும்." தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "நீ தட்டினதும் பின்னால போயிடுச்சு."

அவள் அந்தத் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். ஓடைக் கல்லைப்போல ஜில்லென்று இருந்தது.

மழை கொட்ட ஆரம்பித்தது அந்த நேரத்தில்தான். பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு வகுப்புக் கொட்டகைக்குள் நுழைந்தாள். இடுப்பளவு சுவர், அதற்கு மேல் கம்பி வலை, தலைக்கு மேல் தகரம். தகரத்தில் மழை அடித்த அடியில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. நனைந்த சாக்ஸ் நாற்றத்துக்கு நடுவில் நின்று அவள் மூச்சு விட்டாள். இந்தச் சத்தம் இருக்கும்வரை பயமில்லை என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று யோசிக்கப் பிடிக்கவில்லை.

வாக்கி டாக்கியில் வேன் டிரைவர் வந்தார். "டீச்சர், வழியில மரம் சாஞ்சு கிடக்கு. அறுத்துப் போட்டுட்டு வந்துடறேன்."

"சீக்கிரம் வாங்கண்ணே. ப்ளீஸ்."

"என்ன டீச்சர், காட்டுக்கே டீச்சர் நீங்க, நீங்களே நடுங்குறீங்க?" சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

மழை நின்றது. குழாயை மூடியதுபோல.

தகரத்தின் விளிம்பிலிருந்து துளிகள் சொட்டிக்கொண்டிருந்தன. கீழே குட்டையில் வளையம் வளையமாக விரிந்தது. சொட்டும் சத்தம் இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம், கதவோரத்துக் கசிவு மட்டும் வாளியில் டொக், டொக் என்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துளி விழுந்தது; டொக் வரவில்லை.

அது சுவரைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது.

"பாட்டுப் பாடலாமா?" அவள் குரல் கிறீச்சிட்டது. "சத்தமா! எந்தப் பக்கம் தொண்டை பெருசுன்னு பார்க்கலாம்!"

பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும்? பெஞ்சைத் தட்டினார்கள், தட்டைத் தட்டினார்கள், தெரிந்த பாட்டையெல்லாம் கத்தினார்கள். ஒட்டகம் வாளியைக் கவிழ்த்து வைத்து மேளம்போல அடித்தான். வெளியே குட்டையில் சொட்டுச் சத்தம் திரும்பி வந்தது. பின்வாங்குகிறது! கத்துங்கள், இன்னும் கத்துங்கள்!

ஆனால் குழந்தைத் தொண்டை எவ்வளவு நேரம் தாங்கும்?

"டீச்சர், தண்ணி குடிச்சுக்கட்டுமா?"

"ஒருத்தர் குடிக்கும்போது மத்தவங்க கத்தணும். நிறுத்தக் கூடாது. யாரும் நிறுத்தக் கூடாது!"

அவள் சொன்ன விதத்தில் சிரித்துக்கொண்டிருந்த முகங்கள் மாறின. பாட்டு இளைத்தது. வலை ஓரத்தில் ஒட்டகம் வாளியை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான். சத்தம் வரவில்லை. வேடிக்கை என்று நினைத்து அவன் சிரித்தான். சிரிப்பும் வரவில்லை. அவள் பாய்ந்து அவனை நடுவுக்கு இழுத்தாள். அவன் வாயைத் திறந்து மூடினான். தொண்டையைப் பிடித்துக்கொண்டான். கண் பிதுங்கியது.

வெளியே மரங்களுக்குள் இருந்து, ஒட்டகத்தின் சளி பிடித்த அதே குரல் கூப்பிட்டது. "டீச்சர்... டீச்சர்..."

பிள்ளைகள் அலறினார்கள். நல்லது, அலறட்டும். அலறல் அழுகையானது. அழுகை விம்மலானது. விம்மலுக்கு ஏது சத்தம்? ஓரத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அணைந்தார்கள். வாய் மட்டும் அசைந்தது. அணைந்த ஒவ்வொரு குரலும் கொஞ்ச நேரம் கழித்து வெளியே, இருட்டிக்கொண்டு வரும் மரங்களுக்குள் கேட்டது. அங்கே யாரும் அழவில்லை. பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் ரேடியோவை மடியில் இறுக்கிக்கொண்டு, அந்தச் சின்னக் காதுக்குள் கத்தினாள். "பேசுடி. நிறுத்தாதே. என்ன வேணும்னாலும் பேசு!"

ரேடியோ பேசினாள். கணக்கு டீச்சரின் மூக்குக் கண்ணாடி. மாடி வீட்டு நாய். அப்பா விடும் குறட்டை. அம்மா ஒளித்து வைத்திருக்கும் சாக்லேட், அது இருக்கும் இடம், அதைத் தான் எடுத்தது. குரல் கரகரத்தது. கிழிந்தது.

"எல்லாம் தீர்ந்துடுச்சு சித்தி."

"முதல்லேர்ந்து சொல்லு! கண்ணு, முதல்லேர்ந்து சொல்லுடா!"

"கணக்கு டீச்சர்..."

தூரத்தில் ஹாரன்.

வேன்! அவள் குதித்து எழுந்தாள். வளைவில் மறுபடி ஹாரன், ரொம்பக் கிட்டத்தில், நீளமாக. பாதியில் வெட்டுப்பட்டது. மூடுபனிக்குள் இரண்டு விளக்குகள் வந்து நின்றன. கண்ணாடியில் வைப்பர் இப்படியும் அப்படியும் ஆடியது. கதவு திறக்கவில்லை. யாரும் இறங்கவில்லை.

அவள் ரேடியோவைப் பார்த்தாள்.

உதடு அசைந்துகொண்டிருந்தது. வேகமாக. மூச்சுக் காற்று சூடாக அவள் கையில் பட்டது.

குரல் இல்லை.

குரல் வெளியே இருந்தது. விளக்கு இல்லாத பக்கம். கணக்கு டீச்சர், மாடி வீட்டு நாய், சாக்லேட். எல்லாக் குரலுக்கும் மேலே, தெளிவாக, களைப்பே இல்லாமல். பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"போகாதீங்க" என்று கத்தினாள் அவள். யாருக்கும் கேட்கவில்லை. அவளுக்கே கேட்கவில்லை. தொண்டைக்குள் ஜில்லென்றது.

மரங்களுக்குள் அவள் குரல் பேசியது. வகுப்பில் பேசும் அதே குரல். பிள்ளைகளுக்குப் பிடித்த குரல்.

"சரி பிள்ளைங்களா, அழுதது போதும். எல்லாரும் வரிசையா வாங்க பார்ப்போம்."

பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒட்டகம் முதலில் எழுந்தான். அவன் தோளில் அடுத்தவன் கை. அடுத்தவன் தோளில் இன்னொரு பிள்ளையின் கை. அவள் கதவை மறித்தாள். தலையை ஆட்டினாள். வாய் கிழியக் கத்தினாள். ஒருவனைப் பிடித்து இழுத்தாள், அவன் நழுவினான். ரேடியோவின் மணிக்கட்டைப் பிடித்தாள். ரேடியோ அவள் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், பிரித்து எடுத்தாள். வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.

"சமர்த்து" என்றது வெளியே அவள் குரல்.

ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையை விரித்துக் கதவில் நின்றவளை, வழியில் நிற்கும் மரத்தைச் சுற்றிப் போவதுபோல, இரண்டு பக்கமும் ஒதுங்கி அவர்கள் சுற்றிப் போனார்கள்.