பிசின் விட்ட ரீல்

நூறு டன் எடையுள்ள நீராவி எஞ்சினை, கையால் தொடாமல், வெறும் வாயாலேயே அறுபது அடி பின்னுக்குத் தள்ளியவள் இந்த உலகத்தில் ஒருத்திதான். வயது பத்து. எதைப் பிடித்தாலும் ஒட்டிக்கொண்டு விடமாட்டாள் என்பதால் வீட்டில் அவளைப் பிசின் என்று கூப்பிடுவார்கள்.

"ரீல் விடாதடி!" என்றான் அண்ணன். சூரியன் உதித்துவிட்டது என்றால்கூட, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவான்.

"விடலை. ரீல்லயே இருக்கு. கழுவி வரட்டும், பாரு!"

நடந்தது இதுதான். ரயில் நிலையத்தின் பழைய எஞ்சின் கொட்டகையைத் திங்கட்கிழமை இடிக்கப்போகிறார்கள். ஒட்டகச்சிவிங்கி தொப்பி போட்டுக்கொண்டு நுழையலாம், அத்தனை உயரமான செங்கல் வளைவு அதன் வாசல். சனிக்கிழமை காலையிலேயே, சித்தியின் பிலிம் கேமராவோடு பிசின் நடைமேடைக்குப் போய்விட்டாள். ஜன்னல், செங்கல், துருப்பிடித்த கதவு என்று எடுத்துத் தள்ளினாள். ரீலில் ஒரே ஒரு படம் மிச்சம். அது, வாசலில் எஞ்சின் நிற்பதை எடுக்க.

ஆனால் வந்த எஞ்சின் வாசலைத் தாண்டிப்போய், தண்ணீர்க் குழாயடியில் நின்றது. கரி அள்ளிப் போடும் பயர்மேன் மேலே ஏறி, எஞ்சின் தொட்டிக்குள் குழாயைத் திருப்பினார். கேமராவைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

"இருபது வருஷமா எல்லாரும் எஞ்சினைப் படம் எடுக்கறாங்க, பாப்பா. எல்லாத்துலயும் என் முழங்கை மட்டும்தான் தெரியும். வீட்டுல காட்டினா, 'இது யாரு முழங்கையோ'ங்கறா என் பொண்ணு."

பேச்சு சுவாரசியத்தில் தொட்டி நிறைந்து வழிந்தது.

"யோவ், எஞ்சினைக் குளிப்பாட்டறியா?" என்று டிரைவர் கத்தினார்.

பிசின் யோசித்தாள். கொட்டகையை எடுத்தால் முழங்கைக்காரர் பாவம். அவரை எடுத்தால் கொட்டகை போச்சு.

"டிரைவர் மாமா, கொட்டகை வாசல்வரை கொஞ்சம் பின்னால எடுங்களேன்."

"இது என்ன சைக்கிளா? ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக்கொடி காட்டாம ஒரு அங்குலம் நகராது!"

பிசின் ஓடினாள்.

"முடியாது" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர், தலையை நிமிர்த்தாமல்.

"கிளம்ப இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு சார். எனக்கு மூணு போதும். மீதி நாலை நீங்களே வெச்சுக்கங்க."

"முடியாதும்மா."

"இப்ப ஆறரை இருக்கு சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிசினைப் பார்த்தார். இவளை நகர்த்துவதைவிட எஞ்சினை நகர்த்துவது சுலபம் என்று தோன்றியிருக்க வேண்டும். கொடியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

எஞ்சின் 'புஸ்ஸ்' என்று பின்னால் வந்தது. பயர்மேன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வாசலுக்கு நேரே, எஞ்சின் படியில் நிமிர்ந்து நின்றார். புகை விலகும்வரை பிசின் மூச்சை அடக்கிக் காத்திருந்தாள்.

க்ளிக்!

ஒரு வாரம் கழித்து ஸ்டுடியோவிலிருந்து படம் வந்தது. இரண்டு பிரதிகள். ஒன்று பயர்மேன் வீட்டுக்கு.

"எஞ்சின் சும்மா நிக்குது. பின்னால போனதுக்கு என்ன சாட்சி?" என்று அண்ணன் பூதக்கண்ணாடியை எடுத்தான்.

பார்த்தான். இன்னும் குனிந்து பார்த்தான். தொட்டி வழிந்துகொண்டிருந்தது. குழாயோ எஞ்சினுக்கு முன்னால், எட்டத்தில் இருந்தது. குழாயடியிலிருந்து எஞ்சின்வரை தரையில் நீளமாக ஓர் ஈரக் கோடு.

அண்ணன் தண்டவாளத்தின் அடியில் இரண்டடிக்கு ஒன்றாக இருந்த கட்டைகளை, கோடு நெடுக ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அறுபது அடி இல்லடி."

பிசினின் முகம் சுருங்கியது.

"நிஜமாவே பின்னால போயிருக்கு. எழுபது அடி!"