சிவப்பு நூல் கட்டிய விதை

"இந்த வீட்டு உப்பு ஜாடிக்குக் கால் முளைச்சிருக்கு போல..." என்று காலையிலேயே மாமியார் விளக்குமாற்றிடம் சொன்னாள்.

விளக்குமாறு பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் அடுப்படியில் நின்றிருந்தாள். ஜாடை பேசுவதில் மாமியாரை வெல்ல ஆள் கிடையாது. சின்னக் கோபம் என்றால் விளக்குமாற்றிடம் பேசுவாள், பெரிய கோபம் என்றால் தண்ணீர்க் குடத்திடம்.

"நான்தான் எடுத்தேன் அத்தை" என்றாள் மருமகள்.

"எதுக்காம்?"

"விதைக்கு."

மாமியார் விளக்குமாற்றைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள். அங்கே வாளித் தண்ணீரில் வெண்டை விதை முடிச்சு ஒன்று ஊறிக்கொண்டிருந்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கரை உடைஞ்சு, கடல் ஒன்பது நாள் நம்ம நிலத்துல நின்னு உப்பாக்கிட்டுப் போச்சு. ரெண்டு போகம் கருகியாச்சு. மிச்சம் மீதியை இந்த லேப் மகராணி கையாலயே முடிச்சு வைக்கறா..."

பல் தேய்த்துக்கொண்டிருந்த மகன் வாயில் நுரையோடு வந்து நின்றான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று அவனுக்குத் தெரியும். அதனால் நுரையைத் துப்பவே இல்லை.

"லிட்டருக்கு ஒரு ஸ்பூன்தான் அத்தை" என்றாள் மருமகள். "முளைக்கறதுக்கு முன்னாடியே விதைக்குக் கொஞ்சமா உப்பைப் பழக்கிட்டா, அப்புறம் மண்ணுல இருக்கற உப்பைச் செடி தாங்கிக்கும். லேப்ல செஞ்சு பார்த்திருக்கோம்."

"அந்த லேப்லதான் வேண்டாம்னு அனுப்பிட்டாங்களே."

உண்மையில் அவளை யாரும் அனுப்பவில்லை. ஆறு வருடம் விதை ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து, வேலை நிரந்தரமாக ஒரு மாதம் இருக்கும்போது கடல் உள்ளே வந்தது. சேற்றில் வழுக்கி மாமியாருக்குக் கால் முறிந்தது. பக்கத்தில் இருந்து பார்க்க ஆள் வேண்டும் என்று இவளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். உண்மை தெரிந்தால் அந்தக் கிழவி மனசுக்குள் குமைந்து போவாள் என்று, அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு பொய் சொன்னாள். அந்தப் பொய்தான் இரண்டு வருடமாக அவளையே குத்திக்கொண்டிருக்கிறது.

கடைசியில் மகன் நுரையைத் துப்பிவிட்டு ஒரு வழி சொன்னான். உப்பில் ஊறிய விதை வடிகால் ஓரத்துக் கடைசிப் பாத்திக்கு. ஊறாத விதை பெரிய வயலுக்கு. இந்தத் தடவையும் கருகினால் நிலத்தை இறால் குட்டைக்கு விட்டுவிட்டு, அவன் நகரத்துக்கு லாரி ஓட்டப் போவான்.

"என் விதை கருகிட்டா நான் இனிமே வயல்ல கால் வைக்க மாட்டேன்" என்றாள் மருமகள். கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் அந்த வீட்டில் அவளுக்குப் பிடித்த ஒரே இடம் அந்த வயல் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அன்றிலிருந்து மாமியார் விளக்குமாற்றை விட்டுக் குடத்துக்கு மாறினாள்.

விதை தூவுவது எப்போதும் மாமியார் கைதான். அதில் யாரும் குறுக்கே போக முடியாது. மருமகள் ஊறிய முடிச்சைத் துணியோடு நிழலில் உலர்த்திச் சிவப்பு நூலாலும், ஊறாததை வெள்ளை நூலாலும் கட்டிக் கொண்டுவந்தாள். எது எங்கே என்று சொல்ல வாயைத் திறந்தாள். மாமியார் உடனே குடத்துத் தண்ணீரை வாளியில் சடசடவென்று கொட்டினாள். மருமகள் பேசினால் இப்படிச் சத்தம் கிளப்புவதுதான் அந்த நாட்களில் அவள் வழக்கம். கொட்டி முடித்து, இரண்டு முடிச்சையும் இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

எட்டாம் நாள் இரண்டு இடத்திலும் முளை வந்தது. மூன்றாவது வாரத்தில் கடைசிப் பாத்தியின் இலை நுனிகள் வெளுத்துக் கருகின. ஒன்றுகூட மிஞ்சவில்லை. பெரிய வயலோ, இரண்டு போகம் கருகிய அதே மண்ணில், நிமிர்ந்து நின்றது.

"உப்பைத் தின்னவ தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்..." என்றாள் மாமியார் குடத்திடம்.

மருமகள் வயலுக்குப் போடும் செருப்பைக் கழுவித் துடைத்துப் பரண்மேல் வைத்தாள். சமையலறை ஜன்னல் வழியாகத் தினமும் பார்த்தாள். மொட்டு வந்தது, மஞ்சள் பூ வந்தது. கணவன் லாரி ஓட்டப் போக மாட்டான், நிலம் போகாது. கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். தோற்றவளுக்கு இத்தனை சந்தோஷம் வரலாமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

முதல் காய் பறித்த காலை, மண் பரிசோதிக்கும் அதிகாரி அம்மா வந்தாள். சுற்று வட்டாரத்தில் எல்லா நிலமும் வெளுத்துக் கிடக்க, இது மட்டும் எப்படி என்று பார்க்க வந்திருந்தாள்.

"என்ன செஞ்சீங்கம்மா?"

மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. "என்ன செய்ய... எங்க வீட்டுல எப்பவும் ஒசத்தி விதைக்குத்தான் சிவப்பு நூல் கட்டுவோம். சிவப்பு முடிச்சைப் பெரிய வயல்ல தூவினேன். வெள்ளையை அந்தக் கடைசிப் பாத்தியில கொட்டினேன்."

தேநீரோடு வந்த மருமகள் வாசற்படியில் நின்றுவிட்டாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அத்தனை பெருமையோடு நிற்கிறவளை எப்படி உடைப்பது?

அதிகாரி அவளைப் பார்த்துவிட்டாள். "அட, நம்ம லேப்ல இருந்த நீங்களா? மாமியாருக்குக் கால் முறிஞ்சதுன்னு, நிரந்தரமாகப்போற வேலையை எழுதிக் கொடுத்துட்டுப் போனீங்களே... நல்லா இருக்கீங்களா?"

மாமியார் முறிந்து சேர்ந்த தன் காலைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று உள்ளே போய், விதைப் பெட்டியில் இருந்து அந்த முடிச்சுத் துணியை எடுத்தாள். சிவப்பு நூல் இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. மடிப்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. அதை நாக்கில் வைத்தாள்.

உப்பு.

பின்னாலேயே வந்த மருமகள், "அத்தை, அது..." என்றாள்.

மாமியார் குடத்தின் பக்கம் திரும்பினாள். ஏதோ சொல்லப் போனாள். குடத்தை விட்டுத் திரும்பி, இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, மருமகளின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"உப்பைத் தின்னவ நான்தான்டி... தண்ணி குடும்மா."

மருமகள் மொண்டு கொடுத்தாள். பாதி குடித்து, பாதி சிந்தி, மாமியார் அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். "ஏன்டி சொல்லலை? என் காலுக்காகவா..."

"சொன்னா நீங்க குடத்துத் தண்ணியைக் கொட்டுவீங்களே அத்தை."

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூடையோடு வாசலில் நின்ற மகனைப் பார்த்து அதட்டினாள்.

"என்னடா வேடிக்கை? பரண்மேல இவ செருப்பு இருக்கு. எடுத்துக் குடு. வயல்ல இன்னும் பாதி காய் பறிக்கணும்."