கின்செல்லா குடும்பத்தின் ஆறாவது பிள்ளை

கடித உறையில் முகவரி ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லாமல் இருந்தது. கஸ்பர் அந்த முகவரியை ஒருவருக்கும் கொடுத்ததில்லை.

வாடிக்கையாளர்களுக்கு அவன் கொடுப்பது தபால்பெட்டி இலக்கமும் தொலைபேசி இலக்கமும் மட்டும்தான். 'மிஸ்டர் கஸ்பர்' என்றால் யாரோ ஜெர்மன்காரக் கிழவன் என்று அவர்களாகவே நினைத்துக்கொள்வார்கள். ரொறன்ரோ பார்க்டேலில் கரப்பொத்தான் ஓடுகிற எட்டாம் மாடி அப்பார்ட்மென்டில் இருந்துகொண்டு தங்கள் ஐரிஷ் பாட்டன் பூட்டனைத் தேடித் தருகிறவன் ஒரு யாழ்ப்பாணத்தான் என்று அவர்களுக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. ஊரில் பன்னிரண்டு வருஷம் கோயில் பதிவேடுகளைப் படியெடுத்த கை அவனுடையது. ஞானஸ்நானப் பதிவேடு எந்த நாட்டில் இருந்தாலும் ஒரே மாதிரித்தான். நூலகத்தில் மைக்ரோபிலிம் சுருளைச் சுழற்றிச் சுழற்றி, செத்தவர்களைத் தேடி எடுத்து, வரிசையாகத் தட்டச்சு செய்து அனுப்புவான்.

வேலை அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆட்களைத்தான் பிடிக்கவில்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தி, கிழங்கு அழுகிப் பட்டினி கிடந்து, கப்பலில் காய்ச்சல் பிடித்து, செத்தது போக மிச்சம் ரொறன்ரோவில் வந்திறங்கிய சனம். அதன் பேரப்பிள்ளைகள் இன்றைக்குக் கம்பளம் விரித்த வீட்டில் இருந்துகொண்டு "என்னுடைய வேர்" என்று மூக்கைச் சிந்துகிறார்கள். அவனுடைய பிறப்புச் சான்றிதழ் எரிந்துபோன அலுவலகத்தோடு போய், தான் பிறந்ததை ஒரு குடிவரவு அதிகாரிக்கு நிரூபிக்க அவன் இரண்டு வருஷம் நாயாய் அலைந்தவன். இவர்களுக்குப் பூட்டியின் பெயர் வேண்டுமாம்.

மிஸிஸ் கின்செல்லா என்ற கிழவி எல்லோரையும்விட ஒரு படி மேல். 1847இல் வந்த மைக்கேலையும் ஒனோராவையும், அவர்களுடைய ஐந்து பிள்ளைகளையும் கஸ்பர் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தான். நான்கு பிள்ளைகளும் தாய் தகப்பனும், காய்ச்சல்காரரை மொட்டையடித்து வைக்கோலில் கிடத்தி வினாகிரி தெளிக்கிற கொட்டிலில் செத்தார்கள். தப்பியவன் கிழவியின் பாட்டனுக்குத் தகப்பன். அத்தோடு அவள் விடவில்லை. பழைய கடிதமொன்றில் "சின்னவளும்" என்று ஒரு சொல் இருக்கிறதாம். அந்த ஆறாவது பிள்ளையின் பெயர் தெரியாமல் தனக்கு நித்திரை வராதாம். கஸ்பர் மூன்று கிழமை தேடினான். பூசணம் தின்ற பக்கங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. பார்க்காத சுருள் இன்னும் இரண்டு இருந்தபோது ஒரு பின்னேரம் அவனுக்கு வெறுத்துவிட்டது. மேசையின் மறுபக்கத்தில் அவனுடைய மகள் இருந்து, படம் கீறிய தாளில் தன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். அவன் அதைப் பார்த்தான். வேதக்காரப் பெயர்தானே, எந்த ஐரிஷ்காரிக்கும் பொருந்தும். 'ஜோசப்பின், ஆறு வயது, காய்ச்சலால் மரணம்' என்று தட்டி அனுப்பிவிட்டான். கிழவி தொலைபேசியில் அழுதாள். அவன் ரிசீவரைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

அது ஒக்டோபர். இப்போது நவம்பர் நடுப்பகுதி. ஜோசப்பினைப் பள்ளிக்கூடத்தால் கூட்டி வந்து, கீழே பெட்டியில் கிடந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறியிருந்தான். பிள்ளையின் கை கொஞ்சம் சுட்டது. அவளைப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு வந்து உறையைக் கிழித்தான்.

"எங்கள் சின்னவளைக் கண்டுபிடித்துத் தந்ததற்கு நன்றி," என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. "இவ்வளவு காலமும் என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல் இருந்தோம்." கீழே மைக்கேல், ஒனோரா, இன்னும் நான்கு பெயர்கள், நான்கும் பிள்ளைகளின் கோணல் எழுத்து. தலைமுறை தலைமுறையாக ஒரே பெயரை வைக்கிற கற்பனை கெட்ட சனம் என்று அவன் நினைத்தான். அயர்லாந்தில் இருக்கிற தூரத்து உறவுகளுக்குக் கிழவி அவன் தட்டியதன் பிரதி அனுப்பியிருப்பாள். ஆனால் உறையில் முத்திரை இல்லை. தாளில் வினாகிரியும் ஈர வைக்கோலும் மணத்தன.

அவன் கிழவிக்குத் தொலைபேசி எடுத்தான்.

"உறவா?" என்றாள் மிஸிஸ் கின்செல்லா. "எனக்கு யார் இருக்கிறார்கள், மிஸ்டர் கஸ்பர்? நான்தான் கடைசி. பெயர்களைக் கோயிலில் கொடுத்தேன், அவ்வளவுதான். மரித்த ஆத்துமாக்களின் திருநாளில் சுவாமியார் ஒவ்வொன்றாக வாசித்தார். கடைசியாக ஜோசப்பின்."

அவன் ரிசீவரை வைத்தான். ஊரில் அந்தத் திருநாளுக்கு வாசிக்கிற செத்தவர் பட்டியலை எழுதிக் கொடுத்தவனே அவன்தான். உயிரோடு இருக்கிற ஒருவரின் பெயர் தவறி விழுந்துவிட்டால் வெட்டி எழுதமாட்டான், தாளையே கிழித்து எரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவான். அவன் பிள்ளையின் அறைப்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

ஜன்னலுக்கு வெளியே ஐந்து மணிக்கே இருட்டியிருந்தது. ஹீட்டர் குழாய் வழக்கம்போல் டொக்கு டொக்கென்று தட்டியது, பக்கத்து வீட்டில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள், ஏரிப்பக்கத்திலிருந்து வந்த காற்று ஜன்னல் சட்டத்தை அசைத்துப் பார்த்தது. இத்தனைக்கும் நடுவே வெங்காய மணம் மெல்ல மெல்லக் குறைந்து அந்த வைக்கோல் மணம் கூடிக்கொண்டு வந்தது. லிஃப்ட் எட்டாம் மாடியில் நின்றது. கதவு திறந்தது. நிறைய நேரம் திறந்தபடி இருந்தது, ஒருவர் பின் ஒருவராக இறங்குவதுபோல்.

பாதங்கள். சப்பாத்துச் சத்தம் இல்லை. வெறும் பாதங்கள்.

"அப்பா," ஜோசப்பின் அறைக்குள்ளிருந்து கூப்பிட்டாள். "என்னைக் கூப்பிடினம்."

"ஒருத்தரும் கூப்பிடேல்லை. நீ படு."

"ஓம் கூப்பிடினம். ஹோல்வேயில நிக்கினம்."

அவன் ஓடிப்போய்ப் பிள்ளையைப் போர்வையோடு தூக்கினான். நெருப்பாய்ச் சுட்டாள். வரவேற்பறை விளக்கு மங்கியது. கதவில் தட்டினார்கள். மெதுவாக. மரியாதையாக. அந்த மரியாதை அவனுக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"போங்கோ," என்றான். பிறகு ஆங்கிலத்தில் சொன்னான். "நான் பொய் எழுதினேன். அந்தப் பெயர் பொய். இது என்னுடைய பிள்ளை."

வெளியே ஒரு பெண் இருமினாள். பிறகு அதே பெண்ணின் குரல், கதவோடு வாய் வைத்துச் சொன்னதுபோல் மிகக் கிட்டத்தில்:

"அப்படியென்றால் எங்கள் பிள்ளையின் பெயர் என்ன?"

அவன் வாயைத் திறந்தான். பார்க்காத இரண்டு சுருளும் நினைவுக்கு வந்தன. அதில் எங்கேயோ இருக்கும். இரண்டு நாள் வேலை.

"மேரி," என்றான்.

வெளியே பாதங்கள் அசையவில்லை.

"பிரிஜிட். கத்தரின். ஆன்."

ஒவ்வொரு பெயருக்கும் அவர்கள் காத்திருந்தார்கள். அவனுக்குத் தெரிந்த பெயர்கள் முடிந்தன. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றான், யாரிடமும் சொல்லாத சொல்லை, அவர்களுக்குப் புரியாத தமிழில். பிள்ளையை இன்னும் இறுக்கினான். கண்ணை மூடினான். செபம் வரவில்லை.

விளக்கு அணைந்தது.

கையில் பாரம் இருந்தது. விடவில்லை. விடவேயில்லை. ஒரு கணமும் கை தளரவில்லை.

பாதங்கள் திரும்பின. லிஃப்டை நோக்கி. அவற்றுக்கு நடுவே ஒரு சின்னக் குரல், தெளிவாக, தமிழில்.

"அப்பா வரேல்லையா?"

லிஃப்ட் கதவு மூடியது.

விளக்கு வந்தது. காய்ச்சல் சூடு போயிருந்தது, கையிலிருந்த உடம்பு ஈரமாக, குளிராக இருந்தது. அவன் போர்வையை விலக்கினான். மொட்டை அடித்த தலை. சொறி பிடித்த சிவந்த புருவம். எலும்பில் ஒட்டிய கன்னம். ஆறு வயதிருக்கும் வெள்ளைக்காரப் பெண்பிள்ளை ஒன்று, அவனுடைய சட்டைக் கொலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அழவில்லை. அவனுடைய வாயை மட்டும் பார்த்தது, பெயர் சொல்லிக் கூப்பிடுவான் என்று.