தேன்குருவிக்கு ஒரு பங்கு

அமீசி இன்னும் கூப்பிடவே இல்லை. குருவி வந்துவிட்டது.

நாக்கை உருட்டி ஒரு ப்ர்ர்ர், அடித்தொண்டையில் ஒரு ஹ்ம். நியாசாக் காட்டில் தேனெடுக்கப் போகிறவர்கள் அப்படித்தான் தேன்குருவியை அழைப்பார்கள், கண்ணுகளா. அது தேனடை இருக்கும் மரத்துக்குக் கூட்டிப்போகும். மனிதன் தேனை எடுத்துக்கொண்டு மெழுகை அதற்கு இலைமேல் பங்கு வைப்பான். இன்று அவன் வாய் திறக்குமுன்பே அந்தச் சாம்பல் குருவி தலைக்குமேல் உட்கார்ந்து, வேறு யாரோ அனுப்பிவைத்ததுபோல விடாமல் கத்திற்று.

"என்ன மாப்ளே, குருவிக்கு ஒம்மேல இம்புட்டுப் பாசம்? எந்தங்கச்சிக்குக்கூட இல்லையே!" என்று சிரித்தான் கலாஞ்சே, அமீசியின் மனைவிக்கு மூத்த அண்ணன்.

முன்பல் இல்லாத இளைய அண்ணன் வஸீரி போன வறட்சிக்காலத்தில் அமீசியோடுதான் தேனுக்கு வந்தான். மரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்தது. புல்லுக்குள் சிங்கம் செருமியது. அமீசி ஓடினான். "மச்சான், விட்டுட்டுப் போகாத!" என்ற குரல் வெகுதூரம் கூடவே ஓடிவந்தது. ஊருக்குப் போய், சிங்கம் என் கண்ணெதிரே இழுத்துப் போயிற்று என்றான். வெறும் துணியைப் புதைத்தார்கள். மகனைக் கடைசியாகப் பார்த்த மருமகன் என்று மாமியார் அன்றிலிருந்து சோளக்களியில் பெரிய உருண்டையை அவனுக்கே வைத்தாள். ஒவ்வொரு வாயும் அவனைத் தலைகுனிய வைத்தது.

குருவி வடக்கே, மொட்டைப் பாறைப் பக்கம் திரும்பியது.

"அங்க வேணாம் மச்சான். யானை இருக்கும்."

"யானையெல்லாம் நேத்தே ஆத்துக்கு எறங்கிருச்சு. குருவி கூப்ட்டும் போகலேன்னா அடுத்த தடவ சிங்கத்துக்கிட்டக் கொண்டுபோய் விடும்டா. நட!"

எரிந்த புல்லின் கரி காலில் ஒட்டியது. கறையான் புற்றுகளுக்கு நடுவே கருமான் கூட்டமொன்று மேயாமல், ஓடாமல், அமீசி ஒருவனையே பார்த்துக்கொண்டு நின்றது. எங்கிருந்தோ புளித்த தேனும் பழைய தோலும் கலந்த வாடை வந்தது. கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள், கண்ணுகளா, அப்போது நல்ல வெயில்தான்.

முன்னால், மரங்களுக்குள்ளிருந்து, ப்ர்ர்ர்... ஹ்ம்.

"எவனோ நமக்கு முந்தி வந்துட்டான் போல," என்றான் கலாஞ்சே.

அமீசி நடையை நிறுத்தினான். அந்த ப்ர்ர்ர் முடிகிற இடத்தில் ஒரு மெல்லிய சீழ்க்கை. முன்பல் இல்லாதவனின் சீழ்க்கை.

பானைபோல அடி பருத்த பெரிய பவோபாப் மரம். அடியில் பொந்து. பொந்தின் வாயில் கற்கள். மேலே மட்டும் கொஞ்சம் சரிந்திருந்தன.

கலாஞ்சே கற்களைத் தடவினான். இடுக்கில் தம்பியின் கத்தி செருகியிருந்தது. சிரிப்பு போய்விட்டது.

"உள்ள இருந்து அடுக்கிருக்கு." திரும்பாமலே கேட்டான். "சிங்கமா கல்லு அடுக்கிச்சு, மாப்ளே?"

அமீசி தன் கால்களைப் பார்த்தான். ஓடிய கால்கள்.

"உசுரோட விட்டுட்டா வந்த?"

"...ஆமா மச்சான்."

கலாஞ்சே அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். ஒவ்வொரு கல்லாக எடுத்து அப்பால் வைத்தான். வெளிச்சம் உள்ளே போயிற்று.

வஸீரி சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எலும்பாக. விலா முழுக்கத் தேனடை, வெள்ளை வெளேரென்று, புதிதாக. தேனீக்கள் வாய்வழியே போய்வந்தன. தாடை அசைந்தது. ப்ர்ர்ர்... ஹ்ம்.

குருவி இறங்கி அவன் முழங்கால் எலும்பின்மேல் உட்கார்ந்தது. காத்திருந்தது.

தோளில் கிடந்த கோடரியை எடுத்து அமீசியின் கையில் வைத்தான் கலாஞ்சே. "நீதான் வெட்டணும். பங்கு வை."

மாட்டேன் என்று சொல்ல அமீசிக்கு என்ன முகம் இருக்கிறது? குனிந்தான். உள்ளே தவழ்ந்தான். தேனீக்கள் கொட்டவில்லை. வழிவிட்டன.

இருட்டு. இனிப்பு வாடை. காதருகே இரைச்சல்.

ஒடிந்த கால் எலும்பு மண்ணில் மெல்ல நகர்ந்தது. ஒதுங்கியது. பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டது.