வீங்கிய வளையம்

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு நாற்பதுக்கு ஷிபுவின் மோதிரம் கழலவில்லை. காலையில் ஆராதனைக்குப் புறப்பட்டுக் கை கழுவியபோது அது தானாக வழுக்கி விழப் பார்த்தது. இப்போது அதன் இரு பக்கமும் சதை எழும்பி நின்றது. சோப்புப் போட்டு இழுத்தான். வலி இல்லை. அமுக்கிய இடத்தில் குழி விழுந்து, நிரம்பாமல் அப்படியே கிடந்தது.

“நேத்து சபைத் திருவிழாவுல மூணு பிளேட் பிரியாணி தின்னா விரலும் வீங்கும்,” என்றாள் மனைவி சுமி அடுக்களையிலிருந்து. “வந்து இரிங்க. கிழங்கு ஆறுது.”

மேசையில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இருந்தன. கறியின் மேல் எண்ணெய் சிவப்பாக மிதந்தது. விமானத்தின் பிரேக்கில் ஊற்றுவதும் சிவப்பு எண்ணெய்தான். இருபது நாளுக்கு முன் அவன் ஊற்றியது அது இல்லை.

அன்று அவன் மெக்கானிக்காக இருக்கும் விமானப் பயிற்சிப் பள்ளியில் ஸ்டோர் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த பொன்னுதாஸ் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தான். ஷிபுவின் பைக் பெட்டியில் மஞ்சள் நிறக் கார் பிரேக் ஆயில் அரைக்குப்பி கிடந்தது. அதை ஊற்றினான். பாறசாலைக் கார் பட்டறையில் எட்டு வருடம் வேலை பார்த்த பழக்கம். அது பட்டால் விமானத்து ரப்பர் வளையங்கள் வீங்கிக் கிழியும் என்று அவனுக்குத் தெரியும். மறுநாள் மாற்றிவிடலாம் என்று நினைத்தான். மறுநாள் விடுமுறை. அதற்கு அடுத்த நாள் மறந்துபோனான்.

ஆறாம் நாள் பயிற்சி மாணவி ஜின்சி அந்த விமானத்தைத் தனியாக ஓட்டி இறக்கினாள். சக்கரம் தரையைத் தொட்டது. இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தாள். விமானம் நிற்கவில்லை. ஓடுபாதை முடிந்தது. மதில் இருந்தது. ஜின்சி பிழைக்கவில்லை.

சக்கரத்தைக் கழற்றியவன் ஷிபு. உள்ளே இருந்த வளையம் ரத்தம் குடித்த அட்டை மாதிரி தடித்துக் கொழகொழத்திருந்தது. சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து கக்கூஸ் குழியில் எறிந்தான். விரலில் ஏறிய அந்த ஆயிலின் இனிப்பு வாடை இன்னும் போகவில்லை. சோற்றில் வந்தது. பல்பொடியில் வந்தது. பிரேக் நன்றாக இருந்தது, பெண்தான் வேகமாக இறங்கினாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். நாளை பத்து மணிக்கு விசாரணைக்காரர்கள் முன் கையெழுத்துப் போட வேண்டும்.

வாசலில் குடை மடங்கும் சத்தம் கேட்டது. ஜின்சியின் அம்மா செல்லபாய். ஆராதனை முடிந்து நேராக வந்திருந்தாள்.

“கேறி வந்து இரிங்க மாமி,” என்றான் ஷிபு.

“இரிக்கல்ல மக்கா. ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். எனக்க பிள்ளைக்கு இறக்கத் தெரியாதுன்னு எழுதுகாவளாம். நீதானே அந்த வண்டியப் பாத்தது. பிரேக்கு சரியாட்டு இருந்துதா?”

அவன் வாயில் கிழங்கு இருந்தது. மென்றான். கடிபடவில்லை. பல்லுக்கடியில் ரப்பராக இழுபட்டது. விழுங்கினான்.

“நல்லாட்டு இருந்தது மாமி.”

“அப்போ எனக்க பிள்ளைக்க தப்பு ஆக்கும்.”

அவன் தட்டைப் பார்த்தான். மீன்கண் பிதுங்கி வெளியே வந்துகொண்டிருந்தது.

அப்போது மேசைக்கடியில் இரண்டு பாதங்கள் அவன் பாதங்களின் மேல் ஏறின. ஈரமாக இருந்தன. எலும்பு தட்டுப்படாத, ஊறிப்போன மென்மை. விரல்களுக்கு நடுவே இடைவெளியே இல்லை. அவை அமுக்கின. விட்டன. மறுபடி அமுக்கின.

சுமி என்று நினைத்தான். சுமி அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டது.

செல்லபாய் வாசற்படியிலேயே நின்றாள். இரண்டு காலிலும் செருப்பு.

அமுக்கின. விட்டன. இன்னும் பலமாக. குதிகால் வரைக்கும்.

அந்த இனிப்பு வாடை மேசைக்கடியிலிருந்து எழுந்து தட்டின் மேல் கவிந்தது. சொல்லிவிட வேண்டும். மாமியிடம் இப்போதே. வாயைத் திறந்தான்.

நாக்கு அசையவில்லை. பல்லை முட்டியது. அண்ணத்தை முட்டியது. வழுவழுவென்று. தடித்து. வாய் முழுக்க அதுவே.

“என்ன மக்கா? சொல்லு,” என்றாள் செல்லபாய்.

மோதிரத்துக்கு மேலே விரல் கறுத்திருந்தது. தோல் வெடித்தது. சிவப்பு இல்லை. மஞ்சளாக, தெளிவாக ஒரு சொட்டு கிழங்கின் மேல் விழுந்தது.

பாதங்கள் நின்றன.

மேசைக்கடியிலிருந்து குரல் வந்தது. மெதுவாக. மரியாதையாக.

“ஷிபு அண்ணா, ரெண்டு காலும் வச்சு சவுட்டியாச்சு. நிக்கல்லியே. நீங்க என்னத்த ஊத்தினிய?”